போர்த்துக்கேய மொழியினரின் ஆங்கிலக் கல்வி

போர்த்துக்கேய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பதும், அவர்களுக்கு அதனைக் கற்பிப்பதும் மொழி கற்பித்தல் துறையில் தனியாக ஆராயப்படும் ஒரு பகுதியாகும். இம்மொழியைப் பேசுவோரில் மிகப் பெரும்பான்மையினர் 20 கோடிக்கும் கூடுதலான மக்கள் வாழும் பிரேசிலில் உள்ளனர். எனவே இக்கட்டுரை பெரும்பாலும் பிரேசிலைப் பற்றியதாகவே அமைகிறது. போர்த்துகல், மொசாம்பிக் ஆகிய நாடுகளின் நிலை இறுதியில் சுருக்கமாகத் தரப்பட்டுள்ளது.

ஆங்கிலம் இவர்களுக்குக் கண்ணால் படிக்க எளிதாகவும் காதால் கேட்கக் கடினமாகவும் இருக்கிறது. இரு மொழிகளின் அமைப்பிலிருந்து எழும் இந்த இடைவெளி, பிரேசிலில் அரசுப் பள்ளிக்கும் கட்டணப் பயிற்சிக்கும் இடையிலான இடைவெளியாகவும் மாறியுள்ளது.

சொல்வளம்

போர்த்துக்கேயம் இலத்தீனிலிருந்து பிறந்த மொழி. ஆங்கிலம் செருமானியக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், கல்வி, சட்டம், அறிவியல் சார்ந்த சொற்களில் பெரும்பகுதியை இலத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் பெற்றது. ஆகவே அறிவியல் கட்டுரை ஒன்றிலுள்ள கடினமான சொற்கள் பிரேசில் மாணவருக்குப் பழகியனவாகத் தோன்றும். ஆங்கிலத்தில் 'ஷன்' என்று முடியும் சொல் அவர் மொழியில் 'சௌன்' என்றும், 'டி' என்று முடியும் பண்புப்பெயர் 'தாதே' என்றும் முடியும் என்பதை அறிந்துகொண்டாலே நூற்றுக்கணக்கான சொற்கள் விளங்கிவிடும். 'கெட்', 'புட்' போன்ற சிறு சொற்களும் அவற்றோடு ஒட்டி வரும் இடைச்சொற்களுமே அவருக்குப் பெருந்தொல்லை. பொதுவாகக் கற்போர் எளிமையிலிருந்து கடினத்திற்குச் செல்வர். இங்கு வரிசை தலைகீழாக உள்ளது.

வடிவில் ஒத்துப் பொருளில் வேறுபடும் சொற்கள் 'போலி நண்பர்கள்' எனப்படுகின்றன. போர்த்துக்கேயத்தில் 'லிவ்ராரியா' என்பது புத்தகக் கடை. ஆங்கில 'லைப்ரரி' நூலகம். 'பரென்டெஸ்' என்போர் உறவினர். 'பேரன்ட்ஸ்' என்போர் பெற்றோர். 'பிரெடென்டெர்' என்றால் எண்ணியிருத்தல்; 'பிரிடென்ட்' என்றால் பாசாங்கு செய்தல். இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது கதவில் எழுதப்படும் சொல். பிரேசில் கடைகளின் கதவில் 'இழு' என்பதற்கு எழுதப்பட்டிருக்கும் சொல் 'புஷி' என்று ஒலிக்கும். ஆங்கிலத்தில் 'புஷ்' என்றால் தள்ளு. இரு நாட்டுப் பயணிகளும் ஒருவர் ஊரில் மற்றவர் கதவோடு மல்லுக்கட்டுவது இயல்பே.

ஒலிப்பு

பிரேசில் போர்த்துக்கேயத்தில் சொல்லின் இறுதியில் வரக்கூடிய மெய்கள் மிகச் சிலவே. பிற மெய்யில் முடியும் அயற்சொல் வந்தால் பேசுவோர் ஓர் இகரத்தைச் சேர்த்துக்கொள்வர். தமிழர் 'பஸ்' என்பதைப் 'பஸ்ஸு' என்று உகரம் சேர்த்துச் சொல்வதை இதனுடன் ஒப்பிடலாம். மேலும், இகரத்திற்கு முன் வரும் 'ட்' ஒலி 'ச்' போலவும், 'ட' வகையின் அதிர்வொலி 'ஜ்' போலவும் பெரும்பாலான வட்டாரங்களில் மாறும். சொல்லிறுதி லகரம் உகரச் சாயலுடைய வகரமாகும். இம்மூன்று விதிகளையும் ஒரே சொல்லில் காணலாம். ஆங்கிலத்திலிருந்து சென்ற 'ஃபுட்பால்' என்னும் சொல் பிரேசிலில் 'ஃபுச்சிபோவ்' என்று ஒலிக்கிறது.

சொல்லின் முதலில் வரும் ரகரம் ஹகரம் போல ஒலிப்பதால், சிவப்பைக் குறிக்கும் 'ரெட்' தலையைக் குறிக்கும் 'ஹெட்' ஆகிவிடும். சொல்லின் முதலில் சகர மெய்யும் பிற மெய்யும் இணைந்து வந்தால் முன்னே ஓர் இகரம் தோன்றும்; 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆவது தமிழ் வாசகருக்குப் புதிதன்று. உயிர்களின் குறில் நெடில் வேறுபாடு போர்த்துக்கேயத்தில் பொருளை மாற்றுவதில்லை. எனவே கப்பலைக் குறிக்கும் 'ஷிப்', ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்' ஆகியவற்றைப் பிரித்துக் கேட்பதே அவர்களுக்குத் தனிப் பயிற்சியாகிறது. மகர, னகர ஈறுகள் முன்னுள்ள உயிரை மூக்கொலியாக்கி மறைந்துவிடுவதால், மகனைக் குறிக்கும் 'சன்' என்பதும் சிலதைக் குறிக்கும் 'சம்' என்பதும் ஒன்றுபோல் ஒலிக்கும்.

எழுத்தைப் பார்த்துக் கற்பது இப்பிழைகளை வலுப்படுத்துகிறது. நடந்தான் என்னும் பொருளில் வரும் 'வாக்ட்' என்ற ஓரசைச் சொல்லின் இறுதியில் எழுதப்படும் உயிரெழுத்தை மாணவர் அப்படியே ஒலிக்க, அது 'வாக்கெஜி' என மூவசையாகிறது. இவ்வாறு பதிந்த வடிவத்தைப் பின்னர் மாற்றுவது அரிது. பல ஆசிரியர்கள் புதிய சொல்லை முதலில் ஒலியாகக் கேட்கச்செய்து, எழுத்தைப் பின்னர் காட்டுவது இதனாலேயே.

இலக்கணம்

போர்த்துக்கேயத்தில் வினைமுற்றே எழுவாயைக் காட்டுவதால் எழுவாயை விட்டுவிடலாம். மழை பெய்கிறது என்பதற்கு எழுவாயே கிடையாது. ஆங்கிலத்தில் வெறும் இடநிரப்பியாக 'இட்' வேண்டும் என்பது கற்போருக்கு வியப்பாக உள்ளது. 'உள்ளது' என்ற பொருளில் பிரேசிலர் 'உடைமை' வினையைப் பயன்படுத்துவர். வயதையும் அவ்வினையாலேயே கூறுவர். அதனை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது 'எனக்கு 20 ஆண்டுகள் உடைமையாக உள்ளன' என்பது போன்ற வாக்கியங்கள் பிறக்கின்றன. ஆங்கிலத்தின் 'இன்', 'ஆன்', 'அட்' ஆகிய மூன்றிற்கும் அவர்களிடம் பெரும்பாலும் ஒரே முன்னிடைச்சொல் உள்ளது. அவனுடைய, அவளுடைய, உங்களுடைய என்னும் மூன்றையும் ஒரே சொல் குறிப்பதும் குழப்பம் தரும்.

அகராதியை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பதற்கு, 1855 ஆம் ஆண்டு பாரிசில் வெளியான போர்த்துக்கேய–ஆங்கில உரையாடல் கையேடு ஒன்று புகழ்பெற்ற சான்று. இதைத் தொகுத்த பெத்ரு கரொலினு, ஒசே த ஃபொன்சேக்காவின் போர்த்துக்கேய–பிரெஞ்சுக் கையேட்டையும் ஒரு பிரெஞ்சு–ஆங்கில அகராதியையும் கொண்டே இதை உருவாக்கினார் என்று கருதப்படுகிறது. மரபுத்தொடர்கள் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டிருந்ததால் ஆங்கிலேயர் இதை நகைச்சுவை நூலாகப் படித்தனர். 1883 இல் வந்த அமெரிக்கப் பதிப்பு ஒன்றுக்கு மார்க் டுவெய்ன் முன்னுரை எழுதினார்.

பிரேசிலில் வரலாறு

1808 இல் போர்த்துக்கேய அரச குடும்பம் நெப்போலியனின் படையெடுப்பிலிருந்து தப்பி ரியோ டி ஜனேரோ வந்து சேர்ந்தது. துறைமுகங்கள் நட்பு நாடுகளுக்குத் திறக்கப்பட்டு, பிரித்தானிய வணிகம் பெருகியது. 1809 சூன் 22 அன்று வெளியான ஆணை ஆங்கிலத்திற்கும் பிரெஞ்சிற்கும் ஆசிரியர் பணியிடங்களை உருவாக்கியது. 1837 இல் நிறுவப்பட்ட பெத்ரு இரண்டாமவர் கல்லூரியிலும் ஆங்கிலம் இடம்பெற்றது. 1931 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் மொழியை அம்மொழியாலேயே கற்பிக்கும் நேரடி முறையைப் புகுத்தியது. 1942 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் அயல்மொழிகள் மிகுந்த நேரத்தைப் பெற்றன. 1961 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அவற்றின் கட்டாயத்தை நீக்கியது. பள்ளிகளில் ஆங்கிலம் தேய்ந்த அதே காலத்தில் தனியார் மொழிப்பள்ளிகள் வளர்ந்தன. 1930களிலேயே தோன்றிய குல்ட்டுரா இங்கிலேசாவைத் தொடர்ந்து யாசிஜி, ஃபிஸ்க், விசார்டு முதலியவை நாடெங்கும் கிளை பரப்பின.

1970களின் இறுதியில், சாவோ பாவுலோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரியா அன்தொனியேத்தா அல்பா செலானி (1923–2018) தலைமையில் ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. பிரித்தானிய மன்றமும் இதற்கு உதவியது. பல்கலைக்கழக மாணவரும் ஆய்வாளரும் தம் துறை நூல்களைப் படிக்க இயலவேண்டும் என்பதே நோக்கம். ஒத்த சொற்கள், படங்கள், அட்டவணைகள், தலைப்பு ஆகியவற்றிலிருந்து பொருளை உய்த்துணரும் உத்திகள் கற்பிக்கப்பட்டன. பாடம் போர்த்துக்கேயத்திலேயே நடத்தப்பட்டது. கையிலிருந்த வளத்தைக் கொண்டு செய்யக்கூடியதைச் செய்த அறிவார்ந்த திட்டம் இது எனலாம்.

ஆனால் பள்ளிகளுக்கு இதே போக்கு பரிந்துரைக்கப்பட்டபோது சிக்கல் எழுந்தது. 1996 ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் அயல்மொழியைக் கட்டாயமாக்கியது. 1998 இல் வெளியான தேசியப் பாடத்திட்ட வழிகாட்டி, மாணவர் நிறைந்த வகுப்புகள், குறைந்த பாடவேளைகள், ஆசிரியர்களின் பேச்சுத்திறன் குறைவு ஆகியவற்றைச் சுட்டி, வாசிப்பிற்கு முதன்மை தரச் சொன்னது. கேட்டலும் பேசலும் இதனால் கட்டணம் செலுத்தக்கூடியோரின் உரிமையாகிவிட்டன என்று மொழியியலாளர் பலர் கண்டித்தனர். எழுத்தில் மாணவருக்கு இயல்பாகவே ஓரளவு கிட்டிவிடும் திறனைப் பள்ளி கற்பித்தது. பயிற்சியின்றிக் கிட்டாத திறனை வெளியே விட்டுவிட்டது. ஒலிக்குறுந்தட்டுடன் கூடிய ஆங்கிலப் பாடநூல்கள் இலவசப் பாடநூல் திட்டத்தின் வழியாக அரசுப் பள்ளிகளுக்குக் கிடைத்தது 2011 இல்தான். 2010 முதல் 'எனெம்' என்னும் தேசியத் தேர்வில் ஆங்கிலம் அல்லது ஸ்பானியத்தில் 5 வினாக்கள் இடம்பெறுகின்றன. அவையும் வாசிப்பு வினாக்களே. 2014 இல் பிரித்தானிய மன்றம் வெளியிட்ட ஆய்வின்படி, 16 வயதிற்கு மேற்பட்ட பிரேசிலரில் 5.1 விழுக்காட்டினரே ஆங்கிலம் ஓரளவு தெரியும் என்று கூறினர்.

இதன் விளைவு 2011 இல் தொடங்கிய 'எல்லைகளற்ற அறிவியல்' உதவித்தொகைத் திட்டத்தில் வெளிப்பட்டது. மாணவர் பலர் மொழித் தடையில்லாத போர்த்துகலையே தேர்ந்தெடுத்தமையால், 2013 இல் இளநிலை மாணவருக்கான பட்டியலிலிருந்து அந்நாடு நீக்கப்பட்டது. தேவையான ஆங்கிலத் தேர்ச்சியை எட்டாத நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் 2014 இல் கனடாவிலிருந்தும் ஆத்திரேலியாவிலிருந்தும் திருப்பி அழைக்கப்பட்டனர். இக்குறையை நீக்கவென 2012 இறுதியில் தொடங்கப்பட்ட 'எல்லைகளற்ற ஆங்கிலம்' திட்டம் பின்னர்ப் பிற மொழிகளுக்கும் விரிந்தது. 2017 ஆம் ஆண்டுச் சட்டம் ஆறாம் வகுப்பு முதல் ஆங்கிலத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. அதே ஆண்டின் பொதுப் பாடத்திட்ட அடிப்படை ஆவணம், பேச்சுத்திறனையும் ஒரு தனிக் கூறாகச் சேர்த்தது. அதோடு ஆங்கிலத்தை ஒரு நாட்டவரின் மொழியாக அன்றிப் பல நாட்டவரின் இணைப்பு மொழியாகக் காணவேண்டும் என்றும் கூறியது.

பிற நாடுகளில்

போர்த்துகலில் பேசப்படும் வழக்கில் அழுத்தமில்லாத உயிர்கள் தேய்ந்து மெய்கள் நெருங்கி நிற்கும். ஆங்கிலத்தின் ஓசைநயமும் அத்தகையதே என்பதால் பிரேசிலருக்குள்ள சில இடர்கள் இவர்களுக்கு இல்லை. வெளிநாட்டுத் திரைப்படங்களுக்குக் குரல்மாற்றம் செய்வதை 1948 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அதன்பின் படங்கள் எழுத்துவரிகளுடன் மூலமொழியிலேயே காட்டப்பட்டன. அவ்வழக்கம் தொலைக்காட்சியிலும் நிலைத்தது. குரல்மாற்றிய நிகழ்ச்சிகளே மிகுந்த பிரேசில் தொலைக்காட்சியோடு ஒப்பிட, இங்குள்ள சிறுவரின் காதில் ஆங்கிலம் நெடுங்காலமாக விழுந்து வருகிறது. 2015–16 கல்வியாண்டில் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கட்டாயமாக்கப்பட்டது.

மொசாம்பிக்கின் அண்டை நாடுகள் யாவும் ஆட்சியிலோ உயர்கல்வியிலோ ஆங்கிலத்தைப் பயன்படுத்துபவை. பிரித்தானிய ஆட்சியில் இருந்திராத அந்நாடு 1995 இல் பொதுநலவாயத்தில் இணைந்தது. அங்கு பெரும்பாலான மாணவரின் தாய்மொழி மக்குவா, சாங்கனா போன்ற பாந்து மொழிகளாகும். போர்த்துக்கேயம் பள்ளியில் பயிலும் மொழி. ஆகவே ஆங்கிலம் அவர்களுக்கு மூன்றாவது மொழியாக வருகிறது. பிரேசிலுக்கெனவோ போர்த்துகலுக்கெனவோ எழுதப்பட்ட பாடநூலின் பிழைப் பட்டியல் அவர்களுக்கு முழுமையாகப் பொருந்தாது.