பெரிய கீறலும் நாலு துளையும்

"லேப்ராஸ்கோப்பில பண்ணா ரெண்டே நாள்ல வீட்டுக்குப் போயிடலாமாமே?" ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி இது. பித்தப்பை ஆபரேஷனுக்கு அது சரிதான். கல்லீரலுக்கு? பதில் சொல்ல கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

1888-ல் ஜெர்மனியின் கார்ல் லாங்கன்புக், திட்டமிட்டு கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார். சில மணி நேரத்திலேயே ரத்தக்கசிவு. வயிற்றை மறுபடி திறக்க வேண்டியதாப் போச்சு. நோயாளி பிழைச்சுக்கிட்டார். நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் ஓடுற உறுப்பு சார் அது! அதனாலதான் வலது விலா எலும்புக்குக் கீழே நீளமாக, தசையையும் சேர்த்து அறுத்து, நல்லா திறந்து வச்சுக்கிட்டே வேலை பார்த்தாங்க. மூச்சை இழுத்தா வலி, இருமினா வலி. அந்த வலி பெரும்பாலும் கல்லீரலோடது இல்லை, வயிற்றுச் சுவரோடது.

1980-ல் குர்ட் செம் குடல்வாலையும், 1985-ல் எரிச் மூஹே பித்தப்பையையும் துளை வழியா எடுத்தாங்க. ரெண்டு பேருமே ஜெர்மன்காரங்க, ரெண்டு பேருமே சக டாக்டர்கள்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டவங்க. 1991-ல் அமெரிக்காவின் ஹாரி ரீச் கல்லீரலிலும் துளை வழியே கை வைத்தார். ஆனாலும் முறை மெதுவாகத்தான் பரவியது. ரத்தம் பீறிட்டா எப்படி நிறுத்துறது, உள்ளே செலுத்துற வாயு ரத்தக்குழாயில் புகுந்துட்டா என்ன பண்றதுன்னு நியாயமான பயம்.

இதுக்கு நடுவுல இன்னொரு புரட்சி சத்தமில்லாம நடந்துச்சு. 1990-களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கேலட், நோயாளியைச் சீக்கிரம் சாப்பிட வை, சீக்கிரம் நடக்க வை, வலியை ஒழுங்கா அடக்கு, தேவையில்லாத குழாய்களை எடுன்னார். இதனால, வயிற்றைத் திறந்து பண்ணவங்களும் வேகமாத் தேற ஆரம்பிச்சாங்க.

அப்புறம்தான் முறையான ஒப்பீடு வந்தது. ஆஸ்லோவில் 2012 முதல் 2016 வரை 280 பேர். எல்லாருக்கும் பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. எந்த முறைன்னு குலுக்கல் மாதிரி முடிவு பண்ணாங்க. துளை முறையில் ஆஸ்பத்திரி வாசம் 53 மணி நேரம், திறந்த முறையில் 96. சிக்கல்கள் 19 சதவீதம், 31 சதவீதம். ஆனா எவ்வளவு காலம் உயிரோடு இருந்தாங்கன்னு பார்த்தா, ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

அதெல்லாம் சின்னத் துண்டுகள். கல்லீரலில் பாதியை எடுக்கிற ஆபரேஷனுக்கு ஐரோப்பாவில் 2013 முதல் 2018 வரை இன்னொரு ஆய்வு நடந்தது. தானா நடக்கணும், சாதம் கறின்னு திட உணவு உள்ளே போகணும், மாத்திரையிலேயே வலி அடங்கணும், டிரிப்ஸ் இருக்கக்கூடாது, இதுதான் அங்கே 'தேறியாச்சு'ன்னா அர்த்தம். துளை முறையில் 4 நாள், திறந்த முறையில் 5. ஒரே ஒரு நாள்!

துளை முறையால் லாபம் உண்டு, நான் மறுக்கலை. ஆனா மிச்சமாகிறது வயிற்றுச் சுவரோட காயம். உள்ளே வெட்டுப்பட்ட கல்லீரல் வளர்ந்து நிரம்ப எடுத்துக்கிற வாரங்களைத் துளை குறைச்சுடாது. தழும்பு சின்னதா இருக்கேன்னு வீட்டுக்கு வந்ததும் தண்ணிக் குடத்தைத் தூக்கிடாதீங்க.

உங்க சர்ஜன் "திறந்துதான் பண்ணணும்"னு சொன்னா ஏமாந்துட்டதா நினைச்சு ஊர் ஊரா அலைஞ்சு நாளைக் கடத்தவும் வேண்டாம். காரணம் கேளுங்க, இதுவரை எத்தனை கல்லீரல் ஆபரேஷன் பண்ணியிருக்கீங்கன்னும் தைரியமா கேளுங்க. கீறலோட நீளத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.