மன்றாடியார் நாயகம் திருச்செல்வம்

ஒருபுறம் உள்துறைமுகத்தின் அமைதியான நீர்ப்பரப்பும், மறுபுறம் திருகோணமலைப் பட்டினத்துக்கு அப்பால் கடலை நோக்கி ஓங்கிய சுவாமி மலையும் அமைய, இடையே மேடாக விளங்கும் ஓர்ஸ் ஹில்லில் வாழும் நாம், அரச நீதித்துறையில் உயர்ந்த ஸ்தானம் வகித்த தமிழரை எண்ணும்போது, நம்மிடம் ஒரு வாக்கும் கேளாதவராயிருந்தும் நம் ஊரின் பொருட்டு மந்திரி பதவியைத் துறந்த மு. திருச்செல்வம் அவர்களை முதற்கண் நினைத்தல் முறையாகும்.

சட்டமா அதிபருக்கு அடுத்ததும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் முன்பு 1892 முதல் 1906 வரை வகித்ததுமான சொலிசிட்டர் ஜெனரல் உத்தியோகத்தை, மன்றாடியார் நாயகம் என்று தமிழர் அழைத்த அதனை, திருச்செல்வம் ஏற்று நடத்தினார். அரசின் பக்கம் நின்று வாதாடுவதோடு, அரசு செய்யக் கருதுவது சட்டத்துக்கு இசையாதெனில் அதனை அரசுக்கே எடுத்துரைப்பதும் அவ்வுத்தியோகத்தின் தர்மமாம்.

அந்த தர்மம் அவரை விட்டு நீங்கவேயில்லை. 1965இல் டட்லி சேனநாயக்கா அமைத்த தேசிய அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சியின் சார்பில் செனட் சபை வழியாக உள்ளூராட்சி மந்திரியான அவர், போர்த்துக்கேயர் இடித்த ஆலயம் 1963இல் மீண்டும் கும்பாபிஷேகம் கண்ட கோணேசர் மலைச் சுற்றாடலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய 1968இல் ஒரு குழுவை நியமித்தார். பிக்கு ஒருவர் ஆட்சேபித்ததும் பிரதமர் அக்குழுவை நிறுத்திவிடவே, திருச்செல்வம் ராஜினாமாச் செய்தார். மாவட்ட சபை மசோதா கைவிடப்பட்டதால் ஏற்கெனவே மனம் கசந்திருந்த கட்சியும் அரசாங்கத்தை விட்டு விலகியது. ஒரு குழுவுக்காக மந்திரி பதவியை இழப்பதா என்று கேட்பாரும் உண்டு. தம் இலாகாவின் அதிகாரத்துக்குட்பட்டுத் தாம் செய்த நியமனத்தைப் பிறர் அழிக்க, அதன்பின்னும் அந்த ஆசனத்தில் அமர்ந்திருத்தல் அவர் போன்றவர்க்கு இயலாது என்பதே என் துணிபு.

1976இல் அமிர்தலிங்கம் முதலியோர் மீது அரசு தொடுத்த, ஜூரியின்றி நீதிபதிகள் குழுவே விசாரிக்கும் டிரயல் அட் பார் வழக்கில், செல்வநாயகம், ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஆகியோருடன் எதிரிகளுக்காக அவர் எழுந்து நின்றார். அப்போது சட்டமா அதிபராயிருந்தவரும் சிவா பசுபதி என்னும் தமிழரே; ஒருகாலத்தில் எந்தத் திணைக்களத்துக்காக வாதாடினாரோ, அந்தத் திணைக்களத்துக்கு எதிராகவே முதுமையில் திருச்செல்வம் வாதாட நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் அவர் காலமானார்.