ஆடக் கற்ற இயந்திரம்

ஜப்பான் தேசத்தின் புகுஷிமா மாகாணத்தில் ஐசு என்றொரு பிரதேசம் உண்டு. 1888-ஆம் ஆண்டில் வெடித்து அடிவாரக் கிராமங்களைப் புதைத்த பந்தாய் எரிமலையின் பெயரைத் தாங்கிய நாட்டுப்பாடல் ஒன்றைப் பாடி, முன்னோரின் ஆவிகளை வரவேற்று வழியனுப்பும் போன் பண்டிகைக் காலத்தில், நடுவே எழுப்பிய மேடையை வலம்வந்து கூட்டமாக ஆடுவது அப்பகுதியாரின் சம்பிரதாயம். காலைத் தூக்கம், காலை மது, காலை வெந்நீர்க் குளியல் என்ற மூன்றிலும் மோகங்கொண்டு ஆஸ்தியைத் தொலைத்த ஷோசுகே என்பவனைக் கேலி செய்யும் அந்தப் பாட்டுக்கு, இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், எலும்பும் தசையும் இல்லாத ஓர் ஆட்டக்காரன் அடிபெயர்த்தான்.

நடனத்தை ஏட்டில் பிடித்துவைக்கும் ஆசை பழையது. 1700-இல் பாரிஸில் ஃபெய்யே என்பவர் கால்கள் செல்லும் வழியைக் கோடுகளாலும் குறிகளாலும் எழுதும் முறையை அச்சிட்டார். 1928-இல் ருடால்ஃப் லாபன் உடல் முழுமைக்கும் ஒரு லிபி அமைத்தார். ஜப்பானிய அரசாங்கமோ, கட்டடங்களையும் சிலைகளையும் போலவே கைக்குப் பிடிபடாத கலைகளையும் காக்க 1950-இல் சட்டம் இயற்றிற்று. சட்டம் கௌரவத்தை அளிக்கும், சீடர்களை அளிக்காது. இந்த நிலையில்தான், காமகுராவின் பெரிய புத்தரையும் கம்போடியாவின் பாயோன் ஆலயத்தையும் லேசர் ஒளியால் அளந்து கணினியில் சேமித்த டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கட்சுஷி இகேயுச்சியும் அவருடைய குழுவினரும், அசையாத கல்லை விட்டு அசைந்துகொண்டேயிருக்கும் ஆட்டத்தின் பக்கம் திரும்பினர்.

ஆடத் தெரிந்தவரின் உடலில் ஒளியைத் திருப்பும் சிறு உருண்டைகளை ஒட்டிச் சுற்றிலும் காமிராக்களை வைத்தால், ஒவ்வொரு மூட்டின் சஞ்சாரமும் எண்களாகிவிடுகிறது. அந்த எண்களை அப்படியே இயந்திரத்துக்கு ஊட்டினால் அது விழுந்துவிடும். 154 சென்டிமீட்டர் உயரமும் 58 கிலோ எடையும் கொண்ட எச்.ஆர்.பி-2 என்ற அந்த ரோபோவின் கால் நீளம் வேறு, மூட்டுகளின் எல்லை வேறு, பாரம் தங்கும் இடம் வேறு. ஆகவே நிற்றல், அடியெடுத்தல், தாழ்தல் என்ற மூன்றாகக் கால்வேலையைப் பிரித்து, மனிதரின் அசைவில் எது எந்த வகை என்று நிர்ணயித்து, சமநிலை குலையாதவாறு இயந்திரத்துக்கென்று மறுபடியும் கோத்துக் கொடுத்தார்கள். குழந்தைக்கு முதலில் தட்டடவு சொல்லிக்கொடுக்கும் நட்டுவனாருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது.

கைகளின் விஷயம் இன்னும் ரசமானது. கை ஒரு கணம் தயங்கி நிற்கும் இடமே பிரதான நிலை என்று வேகத்தை மட்டும் கொண்டு கணக்கிட்டபோது, தற்செயலான தயக்கங்களும் நிலைகளாகிவிட்டன. பாட்டின் தாளத்தையும் சேர்த்துக் கவனித்த பிறகே உண்மையான நிலைகள் தெளிந்தன. பிறகு அவர்கள் பாட்டை விரைவுபடுத்தி மனிதரை ஆடச்செய்து பார்த்தார்கள். காலம் ஏற ஏற ஆடுவோர் நுட்பமான நெளிவுகளைச் சுருக்கிக்கொண்டார்களேயொழிய, தாளத்தில் விழும் அந்த நிலைகளை விட்டுக்கொடுக்கவில்லை. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது என்ற இந்த விவேகத்தை இயந்திரத்துக்குப் புகட்டியதுதான், என் அபிப்பிராயத்தில், அந்த முயற்சி முழுவதிலும் பெறுமதியுள்ள பகுதி. ரோபோ ஆடிய காட்சியன்று.

சீடனாயிருந்த இயந்திரம் ஆசானாகவும் முயன்றது. தோஹோகு பல்கலைக்கழகத்தில் கசுஹிரோ கோசுகே குழுவினர் அமைத்து 2005-இல் ஐச்சி உலகக் கண்காட்சியில் காட்டிய, சக்கரங்களில் நகரும் பெண்ணுருவம், தன்னைத் தாங்கும் ஆணின் கை அழுத்தத்திலிருந்து வால்ட்ஸின் அடுத்த அடியை ஊகித்துக்கொண்டது. 2017-இல் வெளியான அவர்களுடைய ஆராய்ச்சியில், ரோபோவே முன்னடத்தி, மாணாக்கரின் தேர்ச்சிக்கு ஏற்பப் பாடத்தை மாற்றிக்கொண்டது. ஜோடியாக ஆடும் மேல்நாட்டு நடனத்தில் உடல் உடலைத் தொட்டே கற்பிப்பதால் அங்கே அதற்கு இடம் கிடைத்தது; கூட்டமாகச் சுற்றிவரும் ஐசு ஆட்டத்தில் அந்தச் சௌகரியம் இல்லை.

நம் ஊர்களில் கூத்தையும் கும்மியையும் படம்பிடித்துக் காக்க முனைவோர் ஐசுவிலிருந்து ஒன்றை அவசியம் எடுத்துக்கொள்ள வேண்டும்: ஒரே ஆட்டத்தை ஒரே காலத்தில் மட்டும் பதிவுசெய்து நிறுத்தாமல், விளம்பத்திலும் துரிதத்திலும் ஆடச்சொல்லிப் பதிவு செய்யுங்கள்.