128 என்று எழுதியிருந்த 8

அம்மாயியை மூன்று பின்னேரம் வீடியோ எடுத்தேன். நமுனுகுலயில் எங்கள் லயத்து இஸ்தோப்பில் உட்கார வைத்து, போனை ஒரு கதிரையில் சாய்த்து வைத்து, "சொல்லுங்க அம்மாயி"ன்னு விட்டாச்சு. முதல் நாள், அவருடைய தாத்தா எந்தக் கங்காணியோடு கப்பலேறி வந்தார் என்ற கதை. இரண்டாம் நாள் பிரஜாவுரிமை. மூன்றாம் நாள் அழுகைக் கோச்சி. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் வந்த சொந்தக்காரர்களைத் தலைமன்னாருக்கு ரயிலேற்றி விட்டபோது ஸ்டேஷனில் யார் யார் எப்படி அழுதார்கள் என்று, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி.

போனில் இடம் இல்லாததால் கமெராவை நேரே மெமரி கார்டில் சேமிக்கும்படி வைத்திருந்தேன். ஒன்லைனில் வாங்கிய 128 ஜிபி கார்டு. ஏழு மாதம் கழித்து அம்மாயி போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்து வீடியோவைத் திறந்தால் முதல் நாள் மட்டும் ஓடுகிறது. மற்ற இரண்டுக்கும் பெயர் இருக்கு, திகதி இருக்கு, எத்தனை ஜிபி என்ற கணக்கும் சரியாக இருக்கு. உள்ளே ஒன்றும் இல்லை.

கார்டு பழுதாகவில்லை. அது வாங்கிய நாளிலிருந்தே 8 ஜிபிதான். 128 என்று சொல்லச் சொல்லி அதற்குப் பழக்கியிருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் துண்டு எப்படிப் பொய் சொல்லும் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் தோஷிபா கம்பனியில் ஃபுஜியோ மசுவோக்கா என்ற பொறியியலாளர், மின்சாரம் போனாலும் அழியாத, ஆனால் வேண்டும்போது ஒரே அடியில் அழிக்கக்கூடிய ஒரு நினைவகத்தை உருவாக்கினார். அழிகிற வேகம் கமெரா ஃபிளாஷ் மாதிரி இருக்கிறது என்று கூட வேலை செய்த ஒருவர் சொல்ல, ஃபிளாஷ் என்றே பெயர் நின்றது. 1984இல் அதை உலகத்துக்கு அறிவித்தார். இன்றைக்கு நம் கார்டுகளில் இருக்கும் நான்ட் வகை 1987இல் வந்தது. இதனால் கம்பனிகள் சம்பாதித்ததுக்கு அளவில்லை. மசுவோக்காவோ தனக்குரிய பங்கைக் கேட்டு வழக்குப் போட வேண்டியிருந்தது. 100 கோடி யென் கேட்டார், 2006இல் 8 கோடியே 70 இலட்சம் யென்னுக்கு முடித்தார்கள். சம்பளப் பிரச்சினை தோட்டத்தில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்.

எஸ்டி கார்டு 1999இல் வந்தது. சான்டிஸ்க், மட்சுஷிட்டா, தோஷிபா மூன்றும் சேர்ந்து செய்தன. விரல் நகம் அளவான மைக்ரோ எஸ்டி 2005இல் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தது. 15 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம். அந்த இடத்துக்குள் நினைவகச் சில்லு மட்டும் இல்லை, அதைக் காவல் காக்கும் ஒரு குட்டிக் கணினியும் இருக்கிறது. ஏன் என்றால், ஃபிளாஷ் சில்லு எதுவும் முழுசாக நல்லபடி பிறப்பதில்லை. தயாரிக்கும்போதே சில இடங்கள் செத்திருக்கும், பாவிக்கப் பாவிக்க இன்னும் சில சாகும். எங்கே எழுதலாம், எங்கே எழுதக்கூடாது என்று பார்த்து நடத்துவது அந்தக் குட்டிக் கணினிதான். போன் கார்டைக் கேட்கும்: "உன்கிட்ட எவ்வளவு இடம் இருக்கு?" பதில் சொல்வதும் அதுதான். போன் அந்தப் பதிலை அப்படியே நம்பும், எண்ணிப் பார்க்காது.

இந்த இடத்தை வாசித்தபோது எனக்கு அம்மாயியின் முதல் நாள் வீடியோதான் ஞாபகம் வந்தது. அதில் அவர் "துண்டு" பற்றிச் சொல்கிறார். தன் தாத்தாகிட்ட கேட்ட கதை. ஒரு கங்காணியின் ஆட்கள் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துரை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்: இந்த ஆட்களின் கடன் இத்தனை ரூபா, அதைக் கட்டுகிறவரிடம் இவர்களை விட்டுவிடுகிறேன். புதிய தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் அப்படியே ஆட்களின் தலையில் புதிய தோட்டத்திலும் தொடரும். அந்தத் தொகையில் தொழிலாளி உண்மையில் கைநீட்டி வாங்கியது எவ்வளவு, வழியில் ஏறியது எவ்வளவு? யாருடைய கடனோ அவருக்கு அந்தத் தாளை வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவர்களுக்குக் கேட்க வேண்டிய தேவை இல்லை. 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள்.

தாளில் இருக்கும் எண்ணை அடுத்த இடம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. போலி கார்டு வேலை செய்வதும் இப்படித்தான்.

அந்தக் குட்டிக் கணினிக்குள் இருக்கும் நிரலை மாற்றினால் 8 ஜிபி சில்லு தன்னை 128 என்று சொல்லும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் கார்டின் ஆரம்பத்தில், அதாவது உண்மையான 8 ஜிபிக்குள்ளேயே எழுதப்படுகிறது. அதனால் பெயரும் அளவும் எப்போதும் சரியாகவே தெரியும். 8 ஜிபி தாண்டி வருகிற தரவு ஒன்றில் காற்றோடு போகும், இல்லையென்றால் திரும்ப முதலிலிருந்து எழுதிப் பழையதை அழிக்கும். என்னுடைய கார்டு முதல் வகை. இரண்டாவது வகையாக இருந்திருந்தால் முதல் நாள் வீடியோவும் போயிருக்கும்.

இதை உலகத்துக்குப் பிரித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் அன்ட்ரூ ஹுவாங் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். எல்லாரும் அவரை "பன்னி" என்றுதான் கூப்பிடுவார்கள் (அவர்கள் ஊரில் அது முயல்குட்டி, நம்ம ஊரில் வேறு). சீனத் தொழிற்சாலையில் ஒரு சின்ன இணையக் கருவி செய்துகொண்டிருந்தபோது, பெயர்போன ஒரு பிராண்டின் பெயர் பொறித்த மைக்ரோ எஸ்டி கார்டுகள் ஒரு தொகுதி மட்டும் தொடர்ந்து பழுதாகின. சும்மா திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகாமல் ஒவ்வொரு கார்டும் மின்னணு முறையில் தன்னைப் பற்றிச் சொல்லும் அடையாளத்தை வாசித்துப் பார்த்தார். தயாரிப்பாளர் குறியீடு விசித்திரமாக இருந்தது, தொடர் எண் நம்ப முடியாத அளவு சிறியது. பிறகு ஷென்சென் சந்தையில் வேறு கார்டுகளும் வாங்கி, அமிலத்தில் கரைத்து உள்ளே இருந்த சில்லுகளை ஒப்பிட்டார். 2010 பெப்ரவரியில் எல்லாவற்றையும் படத்தோடு எழுதிப் போட்டார்.

2013 டிசெம்பரில் ஹம்பேர்க்கில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் அவரும் சீன் க்ரொஸ் என்ற நண்பரும் இன்னும் ஒரு படி போனார்கள். கார்டுக்குள் இருக்கும் குட்டிக் கணினியில் தங்கள் சொந்த நிரலையே ஓட வைத்துக் காட்டினார்கள். பெரும்பகுதி செத்துப்போன 16 ஜிபி சில்லை 2 ஜிபி கார்டாக விற்பதும் இந்தத் தொழிலில் நடப்பதுதான் என்றார்கள். அது மோசடி இல்லை. இருப்பதைக் குறைத்துச் சொல்கிற நிரலும் கூட்டிச் சொல்கிற நிரலும் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

நம்ம பக்கத்துக்கு மெமரி கார்டு வந்தது பாட்டாக. பதுளை, பசறை டவுனில் போன் கடையில் காசு கொடுத்தால் கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தருவார்கள். படமும் ஏற்றலாம். அந்தக் காலத்தில் 2 ஜிபி, 4 ஜிபியே பெரிய விஷயம். கடைக்காரர் முகம் தெரிந்தவர், வேலை செய்யாவிட்டால் அடுத்த சம்பளத்துக்கு டவுனுக்குப் போகும்போது சண்டை போடலாம். 2020இல் கொரோனா வந்து பாடம் போனுக்குள் போனது. சிக்னலுக்காக மலையேறிய பதுளை மாவட்டப் பிள்ளைகளின் படம் 2021இல் வெளிநாட்டுச் செய்திகளிலும் வந்தது. சிக்னல் கிடைத்த ஒருவர் இறக்கிய பாடத்தை மற்றவர்கள் கார்டில் வாங்கிக்கொள்வது நடந்தது. பிறகு 2022. சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் 360ஐத் தாண்டியது, கடையில் எல்லாச் சாமானும் விலை ஏறியது. நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபா ஆகியிருந்தது. அந்த நேரத்தில் போன் திரையில் "128 ஜிபி, இன்று மட்டும் பாதி விலை" என்று வந்தால் விரல் போகத்தான் செய்யும். என் விரலும் போனது.

வாங்குவதற்கு முன் கண்டுபிடிக்க முடியுமா? கொஞ்சம் முடியும், அதற்கும் இந்த வரலாறுதான் உதவும். எஸ்டி கார்டுகளுக்கு அளவு வாரியாகப் பெயர் உண்டு. 2 ஜிபி வரை வெறும் எஸ்டி. அதற்கு மேல் 32 ஜிபி வரை எச்சி. 32க்கு மேல் 2 டிபி வரை எக்ஸ்சி. படத்தில் 128 என்று போட்டுப் பக்கத்தில் எச்சி என்றிருந்தால் மேலே வாசிக்க வேண்டியதில்லை. 1 டிபி மைக்ரோ எஸ்டியை உண்மையான கம்பனிகள் அறிவித்ததே 2019 பெப்ரவரியில். அதற்கு முன் யாராவது "1 டிபி" விற்றிருந்தால் அசல் பிறக்கும் முன்பே நகல் பிறந்துவிட்டது என்று அர்த்தம். 2022இல் அமெரிக்காவில் 30 டிபி என்று அடிமாட்டு விலைக்கு விற்ற ஒரு வெளி டிரைவைப் பிரித்துப் பார்த்தார்கள், உள்ளே இரண்டு சின்ன மெமரி கார்டுகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தது.

பெட்டியையும் எழுத்தையும் ஹொலோகிராமையும் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. அச்சடிக்கிறவர்களும் அதே வீடியோவைப் பார்ப்பார்கள்தானே. ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் இன்னும் மோசம். எல்லாம் பார்சல் வந்த அன்றே எழுதியவை: "சீக்கிரம் வந்தது, பெக்கிங் நல்லம்." 8 ஜிபி நிறையும் வரைக்கும் போலி கார்டு அசல் கார்டுதான். அது நிறைவதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும். இந்த மோசடி ஓடுவதே அந்த இடைவெளியில். அதனால் மாதங்கள் கழித்து எழுதிய ஒரு நட்சத்திர விமர்சனங்களைத் தேடிப் படிங்க. அதே கடையில் 128இன் விலையும் 512இன் விலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அதுவும் பதில்தான்.

இன்னொரு பக்கம், நல்ல கார்டைச் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். விண்டோஸ் கணினியில் 128 ஜிபி கார்டு 119 என்று காட்டும். கம்பனி 1,000 1,000 ஆகப் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. கணக்கு வித்தியாசம் அவ்வளவுதான்.

உறுதியாகத் தெரிய ஒரே வழி, கார்டை முழுக்க நிரப்பித் திரும்ப வாசிப்பது. அம்மா ஆண்டுக்கணக்காகக் கொழுந்து நிறுத்துக் கொடுக்கிறவர். சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ என்று கழிக்கும்போது முள்ளைத் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார், இல்லாவிட்டால் பேர் அரைப்பேராகிவிடும் என்று தெரியும். கார்டுக்கும் அந்த முள் இருக்கிறது. ஜேர்மனியின் சி'ட் கணினிச் சஞ்சிகையைச் சேர்ந்த ஹரால்ட் போகெஹோல்ஸ் எழுதிய எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் விண்டோஸில் ஓடும். லினக்ஸில் எஃப்3. இரண்டும் கார்டு நிறையும் வரை எழுதி, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று வாசித்துச் சொல்லும். நொடிக்கு 20 எம்பி வேகத்தில் 128 ஜிபி நிறைய ஒன்றே முக்கால் மணித்தியாலம் போகும், வாசிக்க இன்னும் கொஞ்சம். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். லெப்டொப் இல்லாதவர்கள் படங்களை ஏற்றி நிரப்பிவிட்டு ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கலாம். ஒரே படத்தைப் பெயர் மாற்றி மாற்றி ஏற்ற வேண்டாம். பழையதன் மேலே எழுதுகிற வகைக் கார்டில் அதே படம் அதே படத்தை மூடிக்கொண்டு, எல்லாம் சரி போலக் காட்டிவிடக்கூடும். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்து, கெடு முடிவதற்குள் இதைச் செய்தால் பணத்தையாவது கேட்கலாம். உள்நாட்டு விற்பனையாளர் என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம். எனக்கு ஏழு மாதம் கழிந்திருந்தது, விற்றவரின் பக்கமே காணாமல் போயிருந்தது.

முதல் நாள் வீடியோ இப்போது நான்கு இடத்தில் இருக்கிறது. போன வாரம் சின்ன அம்மாயியிடம் போய் அழுகைக் கோச்சி பற்றிக் கேட்டேன். அவருக்கு ஸ்டேஷன் ஞாபகம் இருக்கிறது, அழுதது ஞாபகம் இருக்கிறது. பெயர்கள் பாதிதான் வந்தன. "அக்காவுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றார்.

அந்தக் கார்டை நான் வீசவில்லை. எஃப்3இல் இருக்கும் ஒரு வசதியால் அதை அதன் உண்மையான 8 ஜிபிக்குச் சுருக்கிவிட்டேன். மாமாவின் த்ரீவீலில் பாட்டு ஓடுகிறது.