ஜிகாங்சா (வங்காளத் திரைப்படம், 1951)

ஜிகாங்சா, அஜய் கர் இயக்கி 1951-இல் வெளியான கறுப்பு வெள்ளைத் திகில் படம். ஆர்தர் கானன் டாயில் எழுதிய 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' நாவலைத் தழுவி, கொல்கத்தாத் திரையுலகம் தந்த படைப்பு இது. இங்கிலாந்தின் ஹாம்மர் நிறுவனம் அதே நாவலை 1959-இல் வண்ணத்தில் எடுத்தது. அந்தப் படத்துக்கு உலகெங்கும் ரசிகர்கள் உண்டு. அதற்கு எட்டு ஆண்டுகள் மூத்த ஜிகாங்சாவை வங்காளத்துக்கு வெளியே அறிந்தவர்கள் சொற்பம்.

ரத்னகர் அரச குடும்பத்தின் குமார் பகதூர் மர்மமாகக் கொல்லப்படுகிறார். அடுத்த வாரிசு ஊருக்கு வரும் வேளையில், துப்பறிவாளர் ஸ்மரஜித் சென்னும் உதவியாளர் பிமலும் கொலையாளியைத் தேடி அங்கே போகிறார்கள். நாவலில் பிணத்தருகே கிடப்பது ஒரு ராட்சத நாயின் காலடித் தடம். படத்திலோ, சதுப்பு நிலத்தின் பக்கமிருந்து இரவில் ஒரு பெண்ணின் பாட்டு மிதந்து வருகிறது. நாயின் ஊளையைக் கேட்டால் கதவைத் தாழிடத் தோன்றும். பாட்டைக் கேட்டால் யார் என்று பார்க்கக் கால் தானாக நகரும். கானன் டாயிலிடம் இல்லாத இந்தப் பயம்தான் படத்தின் உயிர். இசை ஹேமந்த முகர்ஜி. நாவலில் வண்ணத்துப்பூச்சி வலையோடு திரியும் ஸ்டேபிள்டன், இங்கே செடிகொடிகளை ஆராயும் குப்தா ஆகிறார். அந்த வேடத்தில் பிகாஷ் ராய். அதே ஆண்டு வெளியான '42' படத்தில் கொடூர அதிகாரியாக வந்தவரும் இவரே. மஞ்சு டே, மஞ்சுஸ்ரீ என்ற பாத்திரத்தில் நடித்தார்.

கதை பம்பாயில் மறுபிறவி எடுத்தது. ஹேமந்த் குமார் என்ற பெயரில் அங்கே புகழ்பெற்ற ஹேமந்த முகர்ஜி, தாமே தயாரித்து இசையமைத்த 'பீஸ் சால் பாத்' (1962) அந்த ஆண்டின் மிகப் பெரிய வெற்றிப் படங்களில் ஒன்று. பீரேன் நாக் இயக்கத்தில் பிஸ்வஜித், வஹீதா ரஹ்மான் நடித்தார்கள். கொலைக்கான காரணம் அதில் வேறு. ஆனால் இருளில் அழைக்கும் குரலை ஹேமந்த் கைவிடவில்லை. லதா மங்கேஷ்கர் பாடிய 'கஹீன் தீப் ஜலே கஹீன் தில்' பாடல் லதாவுக்கு ஃபிலிம்ஃபேர் விருதை வாங்கித் தந்தது.

அஜய் கர் ஒளிப்பதிவாளராக இருந்து இயக்கத்துக்கு வந்தவர். 'ஹாரானோ சுர்' (1957), 'சப்தபதி' (1961) என்று உத்தம் குமார், சுசித்ரா சென் இணையின் காதல் படங்களை வைத்தே அவரைப் பேசுகிறார்கள். இருட்டை இவ்வளவு நுட்பமாகக் கையாண்ட ஒருவருக்கு அது போதாது. ஜிகாங்சா வந்தபோது சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' வெளியாக இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன, சென்னையில் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' வர மூன்று ஆண்டுகள்.