குளக்கட்டும் கோட்டைக் கல்லும்

பூவரசங்குளத்தில் ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு ஆண்டுதோறும் ஒரு கேள்வி தவறாது வந்து சேர்கிறது. கல்விச் சுற்றுலாவுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கும் நாட்களில் மாணாக்கர் ஒரு பட்டியலோடு வருவர். சிகிரியா, கண்டி, நுவரெலியா, காலிக் கோட்டை என்று அது நீளும். பணம் கொண்டுவர இயலாத பிள்ளைகள் பின்வாங்கில் தலைகுனிந்து இருப்பர். அத்தகைய பிள்ளை ஒருத்திதான் ஒருநாள் கேட்டாள்: "எங்கட ஊரில பார்க்க ஒண்டும் இல்லையா, சேர்?"

அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சங்க காலம் முதல் நாயக்கர் காலம் வரை படித்துப் பட்டம் பெற்றவன் நான். ஆயினும் நாள்தோறும் துவிச்சக்கர வண்டியில் நான் கடந்து வரும் குளக்கட்டை எவர் கட்டினர் என்று ஒரு கணமேனும் சிந்தித்ததில்லை. அரண்மனையும் கோட்டையும் இருக்கும் இடத்தில் மட்டுமே வரலாறு இருக்கும் என்ற எண்ணம் எத்துணை ஆழமாக நம்முள் ஊன்றப்பட்டிருக்கிறது!

முதலில் நம் நாட்டுக்கு வெளியே ஒரு கணம் பார்ப்போம். ஜேர்மனியில் றைன், மோசல் ஆகிய ஆறுகளின் கரைகளில் திராட்சை மது வடிக்கும் சிற்றூர்கள் பல உள்ளன. விடுமுறை நாட்களில் நகரத்துத் தொழிலாளரும் மாணவரும் அங்கே நடைப்பயணம் போவர். துவிச்சக்கர வண்டியில் ஆற்றோரமாகச் செல்வர். குன்றின் மேல் இடிந்து நிற்கும் பிரபுக்களின் கோட்டைகளைக் காண்பர். ஆனால் கோட்டையை விடப் பெரிய சின்னம் அக்குன்றின் சரிவிலேயே இருக்கிறது. செங்குத்தான மலைச்சரிவில் கல்லின் மேல் கல்லாகச் சாந்தின்றி அடுக்கிய படிவரிசைகளும், அவற்றில் வேரூன்றிய திராட்சைக் கொடிகளுமே அச்சின்னம். தலைமுறை தலைமுறையாகக் குடியானவர்கள் முதுகில் மண் சுமந்து அமைத்தவை அவை. மேல் நடு றைன் பள்ளத்தாக்கு 2002ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, கோட்டைகளோடு இந்தத் திராட்சைப் படிகளும் சேர்ந்தே போற்றப்பட்டன. மோசல் கரையிலுள்ள நொய்மாகன் என்னும் ஊரில் 1878ஆம் ஆண்டில் ஒரு கற்சிற்பம் கண்டெடுக்கப்பட்டது. உரோமர் காலத்து மது வணிகன் ஒருவனின் கல்லறையைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அச்சிற்பம் மதுப் பீப்பாய்களை ஏற்றிய ஒரு கப்பல். அதில் துடுப்பு வலிப்போரின் முகங்களும் செதுக்கப்பட்டுள்ளன. வணிகனின் பெயர் எவருக்கும் நினைவில்லை. துடுப்பு வலித்தவனின் முகமோ இன்றும் நூதனசாலையில் நம்மைப் பார்க்கிறது.

இந்தத் திராட்சைத் தோட்டங்களுக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. நெக்கர் ஆற்றங்கரையில் திராட்சை விளையும் வூர்ட்டம்பர்க் நாட்டின் கோமகன் கார்ல் ஒய்கன், 1786ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியுடன் உடன்படிக்கை செய்து, ஏறத்தாழ 2,000 பேர் கொண்ட படையொன்றைப் பணத்துக்குக் கொடுத்தான். குடியானவர், கைவினைஞர் வீட்டு இளைஞர் பலர் அவ்வாறு தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கும், 1791ஆம் ஆண்டளவில் அங்கிருந்து சாவகத்துக்கும் இலங்கைக்கும் அனுப்பப்பட்டனர். ஊர் திரும்பியோர் மிகச் சிலரே. தன் மண்ணில் கூலியற்றவன், பிறர் மண்ணைப் பிடிக்கத் துப்பாக்கி தூக்கினான். குடியேற்ற ஆட்சியின் வரலாற்றில் இப்பக்கத்தை நாம் படிக்காமல் விட்டுவிடலாகாது.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம்.

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியில் மேற்கே வருவோர் ஊர்ப்பெயர்களைக் கவனிக்க வேண்டும். நெளுக்குளம், பூவரசங்குளம், நேரியகுளம், செட்டிகுளம், பறயனாலங்குளம். மரத்தின் பெயர், மனிதரின் பெயர், எதுவாயினும் அதன் ஈற்றில் குளம் நிற்கிறது. இங்கே குளத்தின் கரையில் ஊர் தோன்றியது. ஊர்ப்பெயரும் அங்கிருந்தே பிறந்தது. கல்வெட்டுத் தேடி அலைவோருக்கு இதைவிடத் தெளிவான சாசனம் வேறென்ன வேண்டும்?

ஒரு சனிக்கிழமை அதிகாலையில் மாணாக்கர் சிலரோடு குளக்கட்டில் நடந்தேன். பஸ் கட்டணமில்லை, நுழைவுச் சீட்டுமில்லை. நீர்க்காகங்கள் பட்டமரத்தில் இறகுலர்த்தின. கட்டின் நீர்ப்பக்கத்துச் சரிவில், அலை மண்ணை அரிக்காதபடி பதித்த கற்களை எண்ணத் தொடங்கிய ஒரு பையன், இருநூறுக்குமேல் எண்ண முடியாது கைவிட்டான். "இவ்வளவையும் எப்படிச் சுமந்திருப்பினம்?" என்றான். அன்றைய வரலாற்றுப் பாடம் அந்தக் கேள்வியில் தொடங்கிற்று.

குளம் என்பது வெறும் பள்ளமன்று. நிலத்தின் சாய்வை அறிந்து, மழைநீர் ஓடும் தாழ்வழியைக் குறுக்கே மறித்துக் கட்டெழுப்ப வேண்டும். வயலுக்கு நீர்விடத் துருசு வேண்டும். மிகுந்த நீர் கட்டை உடைக்காமல் வெளியேற வான் வேண்டும். ஒரு குளத்தின் வான் நீரும், அதன் வயல் கழித்த நீரும் கீழுள்ள குளத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மேலூரான் நீரை வீணாக்கினால் கீழூரான் பட்டினி. மேலூர்க் கட்டு உடைந்தால் கீழூர் வெள்ளக்காடு. ஆகவே ஒரு குளத்தொடரில் வாழும் ஊர்கள் யாவும், விரும்பினும் விரும்பாவிடினும் ஒரே குடும்பம். வரண்ட வலயத்தின் இந்தத் தொடர்குள முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. பெருங்குளங்களில் நீரின் விசையை அடக்கித் திறந்துவிட அமைத்த 'பிசோ கொட்டுவ' என்னும் கற்கிடங்கைக் கண்டு, நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் வியந்தார். 1909ஆம் ஆண்டில் வெளிவந்த தமது 'பண்டைய இலங்கை' என்னும் நூலில் அவ்வமைப்பைப் பற்றியும், பாலியாற்றை மறித்து அமைந்த வவுனிக்குளம் பற்றியும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார்.

அரசர் பெயரால் சொல்லப்படும் பெருங்குளங்களைக்கூட அரசர் வெட்டவில்லை, வெட்டுவித்தனர். வெட்டிய கை குடியானவனின் கை. ஊழியம் என்ற பெயரில் அவ்வுழைப்பு வற்புறுத்திப் பெறப்பட்டதையும் மறைக்க வேண்டியதில்லை. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையை ஒட்டி 1832ஆம் ஆண்டளவில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆனால் அதன் இடத்தில் குளங்களைப் பேணும் பொது ஒழுங்கு எதுவும் உருவாக்கப்படவில்லை. கோப்பித் தோட்டங்களுக்குத் தெருப்போடுவதில் கருத்தாயிருந்த ஆட்சிக்குத் தூர்ந்துபோகும் குளங்கள் கண்ணிற் படவில்லை. கட்டுகள் உடைந்தன, காடு வயலை விழுங்கிற்று, காய்ச்சல் ஊர்களை விழுங்கிற்று. 1856ஆம் ஆண்டில் தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்து நீர்ப்பாசனச் சட்டம் வந்தபோது, ஒரு தலைமுறைக் காலம் கழிந்திருந்தது. 1895ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலைப் படிப்போர் அந்த வீழ்ச்சியின் சுவடுகளைக் காண்பர்.

கோட்டையும் போரும் வேண்டுமெனும் மாணாக்கரை ஒருநாள் ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள கற்சிலைமடுவுக்கு அழைத்துச் செல்லலாம். 1782ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் படை வன்னியை அடக்கியபோது, வன்னிச்சி மரியா செம்பாத்தை எதிர்த்து நின்றாள். 1803ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்ததாகக் கற்சிலைமடுவில் நடப்பட்ட கல் கூறியது. கல்லில் வென்றவன் எழுவாய், தோற்றவன் செயப்படுபொருள். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைக்குமா? வெற்றியைக் குறிக்க அன்னியர் நட்ட கல்லையே மக்கள் தம் வீரனின் நினைவுக் கல்லாக மாற்றிக்கொண்டனர். கல்லை நட்டவன் கருதிய பொருள் ஒன்று. அதன்முன் நின்றவன் கொண்ட பொருள் வேறு.

எனினும் வீரவணக்கத்தோடு நின்றுவிடுதல் ஆசிரியனுக்கு அழகன்று. வன்னிமைகளும் குடிகளிடம் வரி வாங்கியவர்களே. அவர்கள் அன்னியருக்குத் திறையாகச் செலுத்திய யானைகளைக் காட்டில் துரத்திப் பிடித்தவர், உயிரைப் பணயம் வைத்த பெயரற்ற கூலியாட்கள். அன்னியனை எதிர்த்தவனை மதிப்போம்; அவனுக்குச் சோறிட்ட உழவனை அவனிலும் தாழ்வாக மதியோம்.

ஆவணி நாட்களில் மடுவுக்குப் போகும் வழியில் நின்றாலும் வரலாறு நடந்து செல்வதைக் காணலாம். கத்தோலிக்க வழிபாட்டை ஒல்லாந்தர் தடைசெய்த காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து அடியார் சிலர் மாதா சொரூபத்தைச் சுமந்து இக்காட்டுக்கு ஓடிவந்தனர் என்பது மரபு. ஆளுவோருக்கு அஞ்சியவர் ஒளிந்த காடு பின்னர் திருத்தலமாயிற்று. ஆகஸ்டு 15ஆம் நாள் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் ஒரே மரநிழலில் கொட்டிலமைத்துச் சமைத்து உண்பர். 1999ஆம் ஆண்டு நவம்பரில் அதே தலத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்களுள் நாற்பது பேரளவில் எறிகணைக்கு இரையாயினர். அடைக்கலம் என்ற சொல்லின் பொருளையே அந்நாள் கேள்விக்குள்ளாக்கியது.

இவ்வீதியிலேயே இன்னுமோர் இடம் உண்டு. செட்டிகுளத்துக்கு அண்மையில், 2009ஆம் ஆண்டில், போரின் இறுதியில் உயிர் தப்பியோர் முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்ட மெனிக் பாம். முகாம்களில் வைக்கப்பட்டோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். 2012ஆம் ஆண்டு செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. என் மாணாக்கருள் சிலரின் தாய்மார் அங்கே தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள். குளங்களின் நாட்டில் தண்ணீருக்கு வரிசை! பாடநூலில் இதற்கு ஒரு வரியும் இல்லையெனினும், ஒவ்வொரு வீட்டிலும் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறார்.

மற்றொரு சாட்சியையும் கேளுங்கள். 1977ஆம் ஆண்டு இனவன்செயலில் மலையகத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் பல இப்பகுதிக் காடுகளுக்கு வந்தன. காந்தீயம் அமைப்பு அவர்களுக்குக் குடியிருப்புகள் அமைக்க உதவியது. அதன் நிறுவனருள் ஒருவரான மருத்துவர் இராசசுந்தரம் 1983ஆம் ஆண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். தேயிலை மலையைப் பசுமையாக்கிய அதே கைகள் இங்கே பற்றைக்காட்டை வெட்டி, தூர்ந்த குளங்களின் கீழ் மீண்டும் நெல் விளைவித்தன. இன்றும் அவர்தம் பிள்ளைகளை 'வந்தேறிகள்' என்று நம்மவர் சிலரே இழிப்பதைக் கேட்கிறோம். குளக்கட்டை முதலில் எழுப்பியவனும் எங்கிருந்தோ வந்தவன்தான். மண்ணைத் திருத்தியவனுக்கு மண்ணில் உரிமை இல்லையெனில் வேறெவனுக்கு உண்டு?

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தூரத்துச் சுற்றுலாவை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. சிகிரியாவும் உழைப்பாளியின் படைப்பே; பிள்ளைகள் அதையும் காணட்டும். அதற்குமுன் ஒருநாள், பின்வாங்குப் பிள்ளையும் வரக்கூடிய பயணமொன்றை மேற்கொள்ளுங்கள். பாலை பழுக்கும் பருவமாயின் இன்னும் நன்று. கட்டின் நீளத்தைக் காலடியால் அளக்கச் சொல்லுங்கள். வானும் துருசும் எங்கே என வரைபடம் வரையச் சொல்லுங்கள். முதியோரிடம் எந்த ஆண்டில் கட்டு உடைந்தது, யார் யார் மண்வெட்டியோடு ஓடினர், எங்கிருந்து எப்போது குடிவந்தனர் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காட்டுக்குள் மட்டும் கால்வைக்க விடாதீர்கள். யானை இறங்குமுன் மாலையில் வீடு சேருங்கள்.

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட மாணவி பின்னர் தன் அம்மம்மாவின் கதையைக் கொப்பியில் எழுதிவந்தாள். அட்டன் தோட்ட லயத்திலிருந்து கைக்குழந்தையோடு புறப்பட்டு, காடு வெட்டி, குடிசை கட்டி, போரில் மும்முறை இடம்பெயர்ந்து, மீண்டும் அதே குளத்தின் கீழ் நாற்று நட்ட ஒரு பெண்ணின் கதை அது. நான்கு பக்கம், எழுத்துப் பிழைகள் பல இருந்தன. அவற்றைத் திருத்துவதற்குச் சிவப்புப் பேனாவை எடுத்தேன், அன்று திருத்தவில்லை. கொப்பியின் அட்டையில் 'வரலாறு' என்று எழுதி அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.