வந்து சேர்ந்தோரால் வளர்ந்த ஊர்கள்

அரசர்களின் பெயர்களைக் கொண்டு நாட்டின் வரலாற்றை எழுதுவது பழைய முறை. அந்நாட்டில் எத்தனை பேர் வாழ்ந்தனர், எங்கிருந்து வந்தனர், ஏன் வெளியேறினர் என்று கேட்டு எழுதுவது பிற்காலத்து முறை. எனினும் இக்கேள்வி தமிழர்க்குப் புதியதன்று. வள்ளுவர் அரசுக்குரிய உறுப்புகளுள் குடியையும் ஒன்றாக வைத்தார். ‘நாடு’ எனத் தனி அதிகாரமும் வகுத்தார். ‘குடி’ என்னும் சொல் வீட்டையும் குடும்பத்தையும் மக்களையும் ஒருங்கே குறிப்பது. குடியேறுதல், குடிபெயர்தல் என்னும் இரண்டு வினைகளும் அச்சொல்லிலிருந்து கிளைத்தவையே. சென்னைக்கு மேற்கே உள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மூன்று ஊர்களின் வரலாறு இவ்விரண்டு வினைகளுக்குள் பெரிதும் அடங்கிவிடுகிறது.

ஏரியும் குடியும்

இப்பகுதி தொண்டைமண்டலத்தின் ஒரு கூறு. பேராறு ஏதும் ஆண்டு முழுவதும் பாயாத நிலம் இது. எனவே மழைநீரைத் தேக்கிய ஏரிகளே இங்கு ஊர்களை உண்டாக்கின. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, போரூர், செம்பரம்பாக்கம் என ஏரிகளின் பெயரை அடுக்கினால் அதுவே ஊர்களின் பட்டியலாகவும் அமைந்துவிடும். ஏரிக்குக் கீழே நன்செய், கரையோரம் குடியிருப்பு, அதனையொட்டிக் கோயில் என்பது பழைய அமைப்பு. சம்பந்தர் பாடிய திருவலிதாயம் இன்றைய பாடியில் உள்ளது. சுந்தரர் பாடிய திருமுல்லைவாயில் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையில் உள்ளது. இராமாநுசர்க்கு வழிகாட்டியாக விளங்கிய திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் பூவிருந்தவல்லி. அவர் இவ்வூர் நந்தவனத்தின் பூக்களைக் காஞ்சி வரதருக்குக் கொண்டு சென்றார் என்பது வைணவ மரபு.

பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வூர்களின் நிலையை அறியச் சிறந்ததொரு சான்று கிடைத்துள்ளது. 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். அச்சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களைத் தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை அளந்து பதிவு செய்தார். அவ்வளவையோடு தொடர்புடைய தமிழ் ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஊரின் வீடுகள், ஏரிகள், தோப்புகள், நன்செய், புன்செய் ஆகியவற்றோடு, விளைச்சலில் கோயிலுக்கும் கணக்கருக்கும் குயவருக்கும் வெட்டியாருக்கும் உரிய பங்கும் அவற்றுள் குறிக்கப்பட்டுள்ளது. தலையை எண்ணுவதோடு நில்லாமல், ஒவ்வொரு தலைக்கும் ஊரில் என்ன உரிமை என்பதையும் எழுதி வைத்த கணக்கு அது. பிற்காலத்துக் கணக்கெடுப்புகள் எண்ணிக்கையில் விரிந்தன. இந்த உரிமைக் கணக்கை விட்டுவிட்டன.

ஊர் வெறிச்சோடிய காலம்

அந்த அளவை முடிந்து ஆறே ஆண்டுகளில் அக்கணக்கு பொய்யாயிற்று. 1780இல் ஐதர் அலியின் படை கர்நாடகச் சீமைக்குள் புகுந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கும்பினிப் படை பெருந்தோல்வி கண்டது. போர் நடந்த ஆண்டுகளில் செங்கற்பட்டுச் சீமையின் ஊர்கள் எரிந்தன, ஏரிக்கரைகள் உடைந்தன, பஞ்சமும் தொடர்ந்தது. உயிர் பிழைத்தோர் கோட்டையின் நிழலை நாடிச் சென்னைக்குச் சென்றனர். வேறு சீமைகளுக்கும் சிதறினர். இன்று மக்கள் பெருக்கத்தால் திணறும் இந்நிலம் ஆளில்லாமல் கிடந்த காலமும் ஒன்று உண்டு.

1794 முதல் 1798 வரை இச்சீமையின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஏரிகளைச் செப்பனிட்டால் அன்றிக் குடிகள் திரும்பார் என்பதை உணர்ந்தார். மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமர் கதையில் வரும் துரை இவரே. கதையை நம்புவோரும் நம்பாதோரும் ஒப்பும் உண்மை ஒன்று அதில் உண்டு. கரை நின்றால் ஊர் நிற்கும் என்பதே அது. எனினும் குடிகள் கையேந்தி மட்டும் நின்றாரல்லர். வரி மிகுந்தபோதும் உரிமை பறிபோனபோதும் ஊரோடு வெளியேறிப் பயிரிட மறுப்பது அக்காலத் தமிழகத்தில் வழக்கமான எதிர்ப்பு முறையாக இருந்தது. குடிபெயர்தலே அவர்களின் வாக்குச் சீட்டு. ஆளும் இடத்துக்கு ஆள் தேவைப்பட்ட வரையில் அதற்கு வலிமையும் இருந்தது.

இருப்புப்பாதையும் தொழிற்பேட்டையும்

தென்னகத்தின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்துக்கும் வாலாஜா சாலைக்கும் இடையே திறக்கப்பட்டபோது அது அம்பத்தூர், ஆவடி ஆகிய ஊர்களின் ஊடாகவே சென்றது. ஆயினும் வண்டி வந்தவுடன் ஊர் வளர்ந்துவிடவில்லை. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னை நகரத்தின் மக்களே ஏறத்தாழ 4 இலட்சம்தான். 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தின் மக்கள்தொகையையே குறைத்தது. 1871இல் 3.12 கோடியாக இருந்தது 1881இல் 3.08 கோடியாயிற்று. நெடுங்காலம் அம்பத்தூரும் ஆவடியும் நெல்வயல் சூழ்ந்த நிலையங்களாகவே இருந்தன.

மாற்றம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நேர்ந்தது. இரண்டாம் உலகப்போர் ஆவடிக்குப் படைத்தளத்தைக் கொண்டுவந்தது. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தோன்றியது. 1955 சனவரியில் காங்கிரசுப் பேரவை ஆவடியில் கூடிச் சமதர்மப் பாணிச் சமுதாயத்தைத் தன் குறிக்கோளாக அறிவித்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்று, 1965இல் ‘விஜயந்தா’ டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. 1979இல் திருவள்ளூர்த் தடத்தில் மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கிய பின், ஊரில் வேலை இல்லாதோரும் இங்குக் குடியிருக்க இயன்றது.

வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் மக்கள் வந்தனர். படைத்துறைப் பணியாளரோடு மலையாளமும் தெலுங்கும் இந்தியும் ஆவடித் தெருக்களில் ஒலித்தன. ஏரிக்குக் கீழிருந்த நன்செய் மனைகளாயிற்று. சிலவிடத்து ஏரியே மனையாயிற்று. முகப்பேரில் ‘ஏரித் திட்டம்’ என்னும் குடியிருப்பு இன்றும் உள்ளது. ஏரி போய்ப் பெயர் மட்டும் தங்கியமைக்கு அதனினும் தெளிவான கல்வெட்டு வேண்டுவதில்லை.

அம்பத்தூர் நகராட்சியின் மக்கள்தொகை 1991இல் ஏறத்தாழ 2.15 இலட்சம், 2001இல் 3 இலட்சத்தைக் கடந்தது, 2011இல் 4.66 இலட்சம். ஆவடி அதே இருபதாண்டுகளில் 1.83 இலட்சத்திலிருந்து ஏறத்தாழ 3.45 இலட்சமாயிற்று. பூவிருந்தவல்லி 2001இல் 43 ஆயிரத்தைத் தொட்டு, 2011இல் 57 ஆயிரமாயிற்று. 2011இல் 42 உள்ளாட்சி அமைப்புகளோடு சென்னை மாநகராட்சி விரிந்தபோது அம்பத்தூர் அதன் 7ஆவது மண்டலமாகியது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாகியது. பெருகிய ஊர்களுள் ஒன்று தன் பெயரால் தனியே எண்ணப்படும் நிலையை இழந்தது. மற்றொன்று அந்நிலையை உறுதி செய்துகொண்டது.

பெருக்கத்தின் மறுபக்கம்

இப்பெருக்கம் தொட்டில்களின் பெருக்கமன்று. 2001க்கும் 2011க்கும் இடையில் திருவள்ளூர் மாவட்டம் 35 விழுக்காடு வளர்ந்தது. அதே காலத்தில் தமிழகம் முழுமையும் 15.6 விழுக்காடே வளர்ந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் வளர்ச்சி 9 விழுக்காட்டுக்கும் குறைவு. நீலகிரி வளரவே இல்லை, 7.62 இலட்சத்திலிருந்து 7.35 இலட்சமாகச் சுருங்கியது. தேயிலையின் விலை வீழ்ச்சியால் நலிந்த மலையூர்களிலிருந்து குடும்பங்கள் சமவெளித் தொழில் நகரங்களுக்கு இறங்கின. ஓர் ஊரின் வரவு மற்றோர் ஊரின் செலவு என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

பிறப்பு குறைந்தமைக்குத் தனி வரலாறு உண்டு. 1930களிலேயே பெரியார் ‘குடி அரசு’ வழியாகக் கருத்தடையைப் பெண் விடுதலையின் கூறாக வலியுறுத்தினார். நாட்டு நலத்துக்காக அன்று, பெண்ணின் உடல் நலத்துக்காகவும் உரிமைக்காகவும் அது வேண்டும் என்பது அவர் வாதத்தின் தனித்தன்மை. 1951ஆம் ஆண்டு இந்தியக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி, பின்னர்ச் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளராகிக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு ஊக்கத்தொகை அளிக்கும் திட்டத்தை முன்னெடுத்தார். இவற்றைவிட ஆழமாகச் செயற்பட்டவை பெண்கல்வியும், உயர்ந்த மணவயதும், குறைந்த குழந்தை இறப்பும், பள்ளியில் இட்ட மதிய உணவும் ஆகும். தாய் ஒருத்திக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள் இருந்தால் மக்கள்தொகை ஏறத்தாழ நிலைபெறும் என்பர். 2005–06இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்விலேயே தமிழகம் அதற்கும் கீழே, 1.8க்கு இறங்கியிருந்தது.

எண்ணும் இடமும்

இங்குதான் மக்கள்தொகை அரசியலாகிறது. 1962இல் சென்னை மாநிலத்துக்கு மக்களவையில் 41 இடங்கள் இருந்தன. 1967இல் அவை 39 ஆயின. பிறப்பைக் குறைத்த மாநிலங்கள் மேலும் இழக்காதிருக்க, 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் 1971ஆம் ஆண்டுக் கணக்கையே அடிப்படையாக நிறுத்தியது. 2001ஆம் ஆண்டின் 84ஆவது திருத்தம் அந்நிலையை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்புவரை நீட்டித்தது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1 அதன் அடிப்படை நாளாக 2025இல் அறிவிக்கப்பட்டது. தென்மாநிலங்களின் அச்சம் இதிலிருந்தே எழுந்தது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இதன் மறுதலையைக் காணலாம். 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் ஒடுக்குமுறையும் வறுமையும் தாங்காது அங்கிருந்து வடக்கே பெயர்ந்தனர். பின்னர்க் காற்றுத் திரும்பியது. 2020 கணக்கெடுப்புக்குப் பின் டெக்சாஸ் 2 இடங்களும், புளோரிடாவும் வடகரோலினாவும் ஒவ்வோர் இடமும் கூடுதலாகப் பெற்றன. மேற்கு வர்ஜீனியா ஓர் இடத்தை இழந்தது. மிசிசிப்பியின் மக்கள்தொகையும் குறைந்தது. அங்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை இடங்கள் பெயர்கின்றன. இங்கு அரை நூற்றாண்டு அவை உறைந்து நின்றன. தெற்கு என்னும் ஒரே பெயருக்குள்ளும் பெருகும் ஊரும் தேயும் ஊரும் அருகருகே உள்ளன என்பதே நாம் அங்கிருந்து அறியத்தக்கது.

தமிழகத்துக்குள்ளேயே இது நிகழ்ந்துவிட்டது. மாநிலப் பேரவையின் 234 இடங்கள் மாறவில்லை. ஆயினும் 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையில் அம்பத்தூர், ஆவடி, மதுரவாயல் ஆகியவை தொகுதிகளாகத் தோன்றின. காவிரிப் படுகையில் வலங்கைமான், திருவோணம், குத்தாலம் ஆகியவை மறைந்தன. நெல் விளைத்த ஊர் தன் பிள்ளைகளைத் தொழிற்பேட்டைக்கு அனுப்பியது. அவர்களோடு தன் குரலையும் அனுப்பிவிட்டது. வடக்கை நோக்கித் தமிழகம் எழுப்பும் நியாயமான கேள்வியை வலங்கைமான் அம்பத்தூரை நோக்கி எழுப்பினால் அதுவும் நியாயமே. ஒருவர்க்கு ஒரு வாக்கு என்னும் அறமும், பெயர்ந்தோரை அனுப்பிய மண்ணுக்கு ஒரு குரல் என்னும் அறமும் இங்கு மோதுகின்றன. எண்ணிக்கை மட்டும் இவ்வழக்கைத் தீர்த்துவிடாது.

யார் ஊரார்?

பிறப்பு குறைந்து, படித்த பிள்ளைகள் பட்டறை வேலையை விட்டகன்ற பின்னும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஓய்ந்துவிடவில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தோர் அவ்விடத்தை நிரப்புகின்றனர். ‘வெளியூரார்’ என்று அவர்களைச் சுட்டும் விரல் பெரும்பாலும் ஒரு தலைமுறைக்கு முன் வந்தவரின் விரலே. போரால் வெறிச்சோடி, திரும்பியோராலும் புதிதாய்க் குடியேறியோராலும் எழுந்து, ஆலைச் சங்கொலி கேட்டு வந்தோரால் பெருகிய நிலத்தில், முதற்குடி யார் என்னும் வழக்கில் வெல்லக்கூடியவர் சிலரே.

இவ்வூர்களில் கூடும் இலக்கிய வட்டங்களின் உறுப்பினர் பட்டியலைப் புரட்டினாலும், பிறந்த ஊர் வேறு, வாழும் ஊர் வேறு என்போரே மிகுதி. அவர்களின் கவிதைகளில் விட்டு வந்த ஊர் நிறைந்திருக்கிறது. வந்து சேர்ந்த ஊர் குறைவாகவே இடம்பெறுகிறது. கணக்கெடுப்பாளர் பத்தாண்டுக்கு ஒருமுறை வாசலில் வந்து நின்று, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார். பர்னார்டின் ஓலைகள் கேட்டதுபோல, இவர்க்கு இவ்வூரில் உள்ள பங்கு என்ன என்று அவர் கேட்கமாட்டார். அக்கேள்வி எழுதுவோர்க்கு உரியது. கொரட்டூர் ஏரியையும், ‘ஏரித் திட்ட’த்து மாடிவீடுகளையும், பட்டறை முடிந்து இரவு வண்டியில் ஒடியா பேசித் திரும்பும் இளைஞனையும் ஒரே ஊராகக் கண்டு எழுதும் பணி இன்னும் எஞ்சியுள்ளது.